கும்பகோணத்துச் சமையலறையில் காய்கறி லசானியா: மூன்று முறை தோற்றபின் எழுதிய வழிகாட்டி

முதல் முறை செய்தபோது லசானியா தட்டில் நிற்கவில்லை, ஓடியது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கூட்டு நன்றாகத்தான் இருக்கிறது, சாதம் எங்கே?" என்று கேட்டார். இரண்டாம் முறை நின்றது. ஆனால் ஓரமெல்லாம் அப்பளமாக நொறுங்கியது, நடுவில் மாவு வேகவே இல்லை. மூன்றாம் முறை எல்லாம் சரியாக அமைந்து ஓவனில் வைத்த இருபதாவது நிமிடம் பிளக் உருகிவிட்டது. நான்காம் முறைதான் சதுரமாக வெட்டி, பரிமாறி, அடுக்குகளை எண்ணிக் காட்ட முடிந்தது.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை 'அடுக்குங்கள், சுடுங்கள்' என்று இரண்டு சொல்லில் தாண்டிப் போகும் இடத்தில்தான் நாம் விழுகிறோம். லசானியா என்பது பட்டையான பாஸ்தா தாள், காய்கறி, தக்காளி சாஸ், வெள்ளை சாஸ், சீஸ் இவற்றை மாற்றி மாற்றி அடுக்கிச் சுடுவது, அவ்வளவுதான். அந்த அடுக்குகளுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்க வேண்டும் என்பதே இதன் முழு வித்தை. கூடினால் கூட்டு, குறைந்தால் அப்பளம்.

கீழே உள்ள அளவு 20 செ.மீ. சதுரமும் 5 செ.மீ. ஆழமும் உள்ள ஒரு தட்டுக்கு. ஆறு பேர் சாப்பிடலாம்.

1. முதலில் செலவும் நேரமும்

நான் கடைசியாகச் செய்தபோது ஆன செலவு ஏறக்குறைய இது: லசானியா தாள் 250 கிராம் பாக்கெட் 200 ரூபாய், மொசரெல்லா சீஸ் 200 கிராம் 130, காய்கறி 120, பால் இரண்டு அரை லிட்டர் பாக்கெட் 60, வெண்ணெய் 100 கிராம் 60, தக்காளி 30, மைதா, எண்ணெய், மிளகு எல்லாம் சேர்த்து 40. மொத்தம் 640 ரூபாய். தாளை வீட்டிலேயே தேய்த்துக்கொண்டால் 460 ரூபாய்க்குள் முடிந்துவிடும். தக்காளி விலை ஏறும் மாதத்தில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

நேரம்தான் பலரும் தவறாகப் போடும் கணக்கு. செய்முறைகளில் 'ஒன்றேகால் மணி நேரம்' என்று எழுதியிருப்பார்கள். அது காய்கறி நறுக்கிவைத்த பிறகு ஆகும் நேரம். முதல் முறை செய்பவர் மூன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும்: காய் நறுக்கி வதக்க ஒரு மணி, தக்காளி சாஸ் அரை மணி, வெள்ளை சாஸ் இருபது நிமிடம், தாள் வேகவைக்கக் கால் மணி, அடுக்கக் கால் மணி, சுட நாற்பது நிமிடம், ஆற இருபது நிமிடம், குழப்பத்துக்கும் பாத்திரம் தேய்க்கவும் மீதி. இரவு எட்டு மணிக்கு விருந்தாளி வருகிறார் என்றால் நாலரைக்குத் தொடங்குங்கள். அல்லது முதல் நாள் இரவே அடுக்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

2. ஓவனும் பிளக்கும்

சிறிய மின்சார ஓவன் (கடையில் ஓ.டி.ஜி. என்று கேளுங்கள்) போதும். வாங்கும் முன் உள்ளளவை அளந்து பாருங்கள், உங்கள் தட்டு உள்ளே போய்க் கதவு மூட வேண்டும். தட்டு ஒரு செ.மீ. பெரிதாகிப் போய்த் திரும்பக் கடைக்கு நடந்தவர்களில் நானும் ஒருத்தி. பில்லை வாங்கி, உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் கடைக்காரர் நம்மை அடையாளம் தெரியாதவர் போலப் பார்ப்பார்.

இப்போது உருகிய பிளக்கின் கதை. 1500 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். மிக்சிக்கும் செல்பேசி சார்ஜருக்கும் பயன்படும் சிறிய பிளக் பாயின்ட் அதைத் தாங்காது. நான் அதில், அதுவும் ஒரு நீட்டிப்புப் பெட்டி வழியாக, மாட்டியிருந்தேன். ஏ.சி.க்கும் கீசருக்கும் போடும் பெரிய 15 ஆம்பியர் பாயின்ட் சமையலறையில் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனி வயர் இழுத்துப் போடச் சொல்லுங்கள். லசானியாவைவிட அதற்குத்தான் அதிகம் செலவாகும், ஆனாலும் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மின் கட்டணம் பயப்படும்படி இல்லை. சூடேற்றுவதையும் சேர்த்து ஒரு லசானியாவுக்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரம் நிறுத்தப்படும் நாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் செய்தித்தாளிலேயே அறிவிப்பு வந்துவிடும்.

கிரில், கன்வெக்‌ஷன் இல்லாத சாதாரண மைக்ரோவேவில் இது சூடாகும், மேலே சிவக்காது. ஓவனே இல்லாதவர்களுக்கு ஒரு வழியை ஒன்பதாம் படியில் சொல்கிறேன்.

3. பாக்கெட்டைப் புரட்டிப் படியுங்கள்

சமையலுக்கு ஆவணம் என்ன என்று கேட்காதீர்கள். இங்கே லேபிள்தான் ஆவணம்.

சீஸ் பாக்கெட்டில் 'அனலாக்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பால்கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தது. மலிவாகக் கிடைக்கும், எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். எனக்கு வேண்டாம். மூலப்பொருள் பட்டியலில் பால் முதலில் இருக்கும் மொசரெல்லாவாக எடுங்கள்.

சைவ வீடு என்றால் இன்னொன்று. பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று சீஸிலும் பார்க்க வேண்டும். பாலில் செய்ததுதானே என்று விட்டுவிடக் கூடாது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜியானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள், அதுதான் அவர்கள் விதி. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஆசையாகக் கொடுத்தார் என்று அத்தை சாப்பிடும் லசானியாவில் துருவிப் போட்டுவிடாதீர்கள். இந்தியாவில் பச்சைப் புள்ளியோடு வரும் சீஸ்களில் அந்தக் கவலை இல்லை.

பால், ஆவின் ஆரஞ்சு நிறப் பாக்கெட் எடுங்கள். 6 சதவீதக் கொழுப்பு இருப்பதால் சாஸ் தானாகவே வழவழப்பாக வரும். நீலப் பாக்கெட்டிலும் செய்யலாம், சற்று மெலிந்து நிற்கும்.

வெண்ணெய் உப்புப் போட்டதா போடாததா என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப சாஸில் உப்பைக் குறையுங்கள். சீஸிலும் உப்பு உண்டு. வீட்டில் தயிர் கடைந்து எடுத்த வெண்ணெய் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

4. தாள்கள்

எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் கேட்டவரை பாஸ்தா என்றால் குழாய் வடிவம்தான் வைத்திருந்தார்கள். திருச்சிக்குப் போகும்போது பெரிய கடையில் வாங்கலாம், அல்லது இணையத்தில் வரவழைக்கலாம். இணையத்தில் வாங்கினால் கால்வாசி உடைந்துதான் வரும். உடைந்தது வீணாகாது, இடைவெளி அடைக்க உதவும்.

வேகவைக்காமலே அடுக்கலாம் என்று அட்டையில் போட்டிருக்கும் தாளும் உண்டு, வேகவைக்க வேண்டிய தாளும் உண்டு. இரண்டாம் முறை நான் தோற்றது இதில்தான். வேகவைக்க வேண்டியதை அப்படியே அடுக்கிவிட்டேன். எந்த வகை என்று தெரியாவிட்டால் வேகவைத்துவிடுங்கள், தவறாகாது. அகலமான பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர், நான்கு தேக்கரண்டி உப்பு. கொதித்தபின் இரண்டிரண்டாகப் போட்டு, அட்டையில் சொன்னதைவிட இரண்டு நிமிடம் முன்னால் எடுத்து, எண்ணெய் தடவிய தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்புங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் ஒட்டிக்கொண்டு கிழியும்.

வீட்டில் செய்வது நினைத்ததைவிட எளிது. மைதா 200 கிராம், மெல்லிய வெள்ளை ரவை இரண்டு மேசைக்கரண்டி, உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், ஏறக்குறைய அரை டம்ளர் தண்ணீர். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு சோமாசிக்குத் தேய்ப்பதுபோல் மெல்லியதாகத் தேய்த்து நீளச் சதுரமாக வெட்டிக் கொதிநீரில் ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு நிமிடம். சோமாசி தேய்க்கத் தெரிந்த கைக்கு இது ஒரு வேலையே இல்லை.

5. காய்கறியின் தண்ணீரை வெளியேற்றுங்கள்

முதல் முறை ஏன் ஓடியது என்றால், பச்சைக் காய்களை லேசாகப் பிரட்டி அப்படியே அடுக்கியதால். உள்ளே நாற்பது நிமிடம் இருந்து ஒவ்வொரு காயும் தன்னிடம் இருந்ததையெல்லாம் கக்கிவிட்டது. அடுப்பில் எவ்வளவு தண்ணீரை வற்றவைக்கிறீர்களோ அவ்வளவுக்கு லசானியா நிற்கும்.

காய்களை தாராசுரம் சந்தையில் காலையில் போய் எடுத்தால் விலையும் குறையும், கத்திரிக்காயும் பிஞ்சாகக் கிடைக்கும். நான் எடுப்பது: கத்திரிக்காய் கால் கிலோ, காளான் 200 கிராம், கேரட் 150, பீன்ஸ் 100, ஒரு குடைமிளகாய், ஒரு கட்டுப் பாலக்கீரை. சுரைக்காய், சௌசௌ, பூசணி, புடலை எல்லாம் வேண்டாம். வீட்டில் இருக்கிறதே என்று அவற்றைப் போட்டால் முதல் முறை எனக்கு ஆனதுதான் உங்களுக்கும் ஆகும்.

ஒவ்வொரு காய்க்கும் வேறு வேறு வழி. கத்திரிக்காயை அரை செ.மீ. வில்லைகளாக வெட்டி உப்புத் தடவி இருபது நிமிடம் வையுங்கள். வெளிவரும் நீரைப் பிழிந்து, துடைத்து, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டுங்கள். காளானைப் பெரிய தீயில், உப்பே போடாமல், வாணலியில் பரப்பிப் போடுங்கள். முதலில் குளம் கட்டும். பயப்படாமல் விட்டால் வற்றும். வற்றிய பிறகுதான் எண்ணெயும் உப்பும். கீரையைத் தண்ணீர் ஊற்றாமல் வதக்கி, ஆறியபின் உருண்டையாகப் பிடித்துக் கையால் இறுக்கிப் பிழியுங்கள். ஒரு கட்டிலிருந்து அரை டம்ளர் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அதை ரசத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேரட்டும் பீன்ஸும் நேர்மாறு. அவற்றைச் சிறியதாக நறுக்கி முக்கால் பதம் வேகவைத்துவிட வேண்டும், சாஸுக்குள் இருக்கும்போது அவை மேற்கொண்டு அதிகம் வேகாது. கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரட்டி மிளகுத்தூள் சேருங்கள். கரம் மசாலா வேண்டாம். போட்டால் சமோசாப் பூரணம் போல் மணக்கும், வெள்ளை சாஸ் இருக்கும் இடமே தெரியாது. நல்லெண்ணெயும் வேண்டாம், அதன் வாசனை விட்டுக்கொடுக்காது. சூரியகாந்தி எண்ணெய் போதும்.

6. தக்காளி சாஸ்

முக்கால் கிலோ பெங்களூர் தக்காளி. நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் அதிகம், வற்றவைக்க இரட்டிப்பு நேரமாகும். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலுரித்து மசித்து, பூண்டு நான்கு பல், வெங்காயம் ஒன்று வதக்கி அதில் ஊற்றுங்கள். அத்தைக்காக நான் பூண்டு சேர்ப்பதில்லை, குறையொன்றும் தெரியவில்லை. உப்பு, ஒரு சிட்டிகைச் சர்க்கரை, காய்ந்த மிளகாய் ஒன்று கிள்ளிப் போட்டு, தொக்குப் பதத்துக்குச் சற்று முன்னால் இறக்குங்கள். கரண்டியால் சட்டியின் அடியில் கோடு போட்டால் அது உடனே மூடிக்கொள்ளக் கூடாது.

பாத்திரம் கவனம். வீட்டில் பழைய பித்தளைப் பாத்திரம் இருக்கிறது என்று ஈயம் பூசாததில் தக்காளியைக் கொதிக்கவிடாதீர்கள். எவர்சில்வர் போதும்.

இத்தாலியர்கள் போடும் பேசில் இலைக்காகத் தேடி அலைய வேண்டாம். நம் ஊரில் திருநீற்றுப்பச்சிலை என்று வளர்கிறதே, சப்ஜா விதை தரும் செடி, அதுவும் இதுவும் ஒரே இனம். மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், ஐந்தாறு இலை போதும். மாடத்துத் துளசியைக் கிள்ளிப் போட்டுவிடாதீர்கள். அது வேறு இனம், லவங்க வாசனை அடித்துக் கஷாயம் போல் ஆகிவிடும்.

7. வெள்ளை சாஸ்

60 கிராம் வெண்ணெய், 60 கிராம் மைதா (அரை கப்), 750 மி.லி. பால். காய்ச்சி ஆறவைத்த பாலாக இருக்கட்டும். காலையில் வாங்கி வெளியே கிடந்த பாலை நம்பாதீர்கள். வெயில் நாளில் அது பாதிப் புளித்திருக்கும், சாஸில் திரிந்துபோகும்.

அடிகனமான வாணலியில் வெண்ணெயைச் சிறு தீயில் உருக்குங்கள். மைதாவை மொத்தமாகப் போட்டு இரண்டு நிமிடம் கிளறுங்கள். பச்சை வாசனை போக வேண்டும், நிறம் மாறக் கூடாது. மைசூர்பாகுக்குக் கிளறும் கை இங்கே அவசரப்படும், தீயைக் கூட்டாதீர்கள்.

இப்போது வாணலியை இறக்கிவிட்டு, கால் டம்ளர் பால் மட்டும் ஊற்றிக் கம்பி மத்தால் அடியுங்கள். மாவு பந்துபோல் திரண்டு பயமுறுத்தும். அது சரிதான். இன்னொரு கால் டம்ளர், மறுபடி அடி. பந்து களியாகி, களி கூழாகும். கூழான பிறகு மீதிப் பாலை மூன்று தடவையாக ஊற்றி அடுப்பில் ஏற்றலாம். கட்டி விழுவது எப்போதுமே முதல் டம்ளரில்தான், முழுப் பாலையும் ஒரே மூச்சில் ஊற்றுவதால். விழுந்துவிட்டால் வருந்த வேண்டாம், சூட்டோடு வடிகட்டி கரண்டியால் தேய்த்துவிடுங்கள்.

கொதி வந்தபின் ஐந்து நிமிடம், அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். பதம்: கரண்டியின் பின்பக்கத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்க வேண்டும். மோர்க்குழம்பைவிடக் கெட்டி, ரவைக் கஞ்சியைவிடத் தளர்வு. ஆற ஆற இறுகும் என்பதால் 'இன்னும் கொஞ்சம்' என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். வேகவைக்காமல் அடுக்கும் தாள் என்றால் இன்னும் கால் டம்ளர் பால் சேருங்கள், தாள் அதைக் குடித்துக்கொள்ளும்.

உப்பு, வெள்ளை மிளகு, பிறகு ஜாதிக்காய். இத்தாலியச் செய்முறைகளில் இதைப் பார்த்துவிட்டு எங்கே கிடைக்கும் என்று மலைப்பவர்கள், கைக்குழந்தை இருக்கும் வீட்டின் உரைமருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் ஒற்றைக் காயாகவே தருவார்கள். நான்கைந்து இழுப்புத் துருவினால் போதும், அதிகமானால் கசக்கும்.

8. அடுக்குவது

தட்டு கண்ணாடியாக இருக்கலாம், அல்வா ஊற்றும் சதுர எவர்சில்வர் தட்டாகவும் இருக்கலாம். விளிம்பு மட்டும் உயரமாக வேண்டும்.

அடியில் இரண்டு கரண்டி வெள்ளை சாஸ் தடவுங்கள், இல்லையென்றால் முதல் தாள் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் தாள்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், சுவரோரம் சிறிது இடம் விட்டு. அதன்மேல் காய்கறியில் மூன்றில் ஒரு பங்கு, தக்காளி சாஸில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு கரண்டி வெள்ளை சாஸ், ஒரு பிடி சீஸ். இப்படியே மூன்று முறை. நான்காவது தாள் அடுக்குக்கு மேலே மீதி வெள்ளை சாஸ் முழுவதும், மீதி சீஸ் முழுவதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லோரும் நடுவில் தாராளமாக ஊற்றுகிறார்கள், மூலைகளை மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் எட்டாத கடைமடை வயல் போல அந்த மூலைகள் காய்ந்து வெடிக்கும். கடைசி அடுக்கில் முதலில் நான்கு மூலைக்கும் சாஸ் விட்டு, பிறகு நடுவுக்கு வாருங்கள். வெள்ளையால் மூடாத தாள் ஓர் அங்குலம்கூட வெளியே தெரியக் கூடாது.

9. சுடுவதும் ஆறவிடுவதும்

ஓவனை 180 டிகிரியில், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரியும்படி வைத்துப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். தட்டை அலுமினியத் தாளால் கூடாரம் போல் மூடுங்கள், சீஸில் படக் கூடாது. நடுத்தட்டில் 25 நிமிடம். பிறகு தாளை எடுத்துவிட்டு 12 முதல் 15 நிமிடம், மேலே அங்கங்கே பொன்னிறப் புள்ளி விழும்வரை. குளிர்பெட்டியில் வைத்திருந்த கண்ணாடித் தட்டை நேராகச் சூடான ஓவனில் வைக்காதீர்கள், விரிசல் விடும். முக்கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.

ஓவன் இல்லாதவர்களுக்கு: பழைய, அடிகனமான அகலத் தவலையில் ஒரு கிலோ கல் உப்பைப் பரப்பி, மேலே வளையம் வைத்து, மூடிப் பதினைந்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு தட்டை உள்ளே வைத்து இறுக மூடி, மிதமான தீயில் 50 நிமிடம். எல்லாமே முன்பே வெந்திருப்பதால் இது போதும். மேலே சிவக்காது. அதற்கு இரும்புத் தோசைக்கல்லை அடுத்த அடுப்பில் நன்றாகக் காயவைத்து, கடைசி ஐந்து நிமிடம் தவலைக்கு அதையே மூடியாகக் கவிழ்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் இப்படிச் செய்து பார்த்தோம், பாதிக்குப் பாதி சிவந்தது. நல்ல பிரஷர் குக்கரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வெறும் சூட்டில் வைத்தால் அது கெட்டுவிடும்.

வெளியே எடுத்தவுடன் வெட்டக் கூடாது. இருபது நிமிடம். வீட்டில் எல்லோரும் தட்டோடு நிற்பார்கள், மணம் தெருவரை போயிருக்கும், இருந்தாலும் இருபது நிமிடம். கொதிக்கும் சாஸ் அப்போதுதான் இறுகி அடுக்குகளைப் பிடிக்கும்.

10. மீந்தால்

மூடிக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். மறுநாள் துண்டு இன்னும் திடமாக இருக்கும், ருசியும் கூடியிருக்கும். தோசைக்கல்லில் சிறு தீயில் ஒரு மூடி போட்டு எட்டு நிமிடம் வைத்தால் அடி மொறுமொறுப்பாகும்.

அத்தை இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் மதியம் போய்ப் பார்த்தால், ஒரு துண்டை எடுத்துத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டிருந்தார்.